குழலில் 'க்ருப்' என்று இருக்கிறது, அவர்களா செய்தார்கள்? – வாங்குமுன் கேள்வி-பதில்

கேள்வி: ஜெர்மனியில் காசெல் நகரத்துக்குப் பக்கத்தில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். போன வருஷம் வேட்டைப் பரீட்சை தேறி 'யாக்ட்ஷைன்' உரிமம் வாங்கினேன். அடுத்த ஊரில் ஒரு பாட்டி, காலமான தன் கணவரின் மூன்று குழல் துப்பாக்கியை விற்கிறார். மேலே சிறு ஈய உருண்டைகளைச் சிதறவிடும் இரண்டு ரவைக் குழல்கள், கீழே ஒற்றைக் குண்டு சுடும் ஒரு ரைபிள் குழல். குழலில் மூன்று வளையங்களும் 'க்ருப்' என்ற பெயரும் பளிச்சென்று தெரிகின்றன. மேல் குழல்களுக்கு இடையே ஓடும் நடுப்பட்டையில் ஒருவர் பெயரும் காசெல் என்ற ஊர்ப்பெயரும் இருக்கின்றன. "க்ருப் கம்பெனி செய்தது, அதனால்தான் 2,500 யூரோ" என்கிறார் பாட்டியின் மருமகன். நம்பலாமா? உண்மையில் யார் செய்தது? கழற்றி எடுத்த படங்களை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: மருமகன் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்று நினைக்காதீர்கள். பழைய ஜெர்மன் துப்பாக்கியைக் கையில் எடுக்கும் பாதிப் பேர் தடுமாறுகிற இடம் இதுதான். க்ருப் என்பது எஸ்ஸன் நகரத்து எஃகு ஆலை. அந்த மூன்று வளையங்கள் ரயில் சக்கரத்தின் மேல் மாட்டும், ஒட்டு இல்லாத எஃகு வளையங்களைக் குறிப்பவை. 1875 முதல் அவர்களுடைய முத்திரை. குழல் செய்யும் எஃகை அவர்கள் விற்றார்கள், அதை வாங்கியவர்கள் ஏராளம். வாசல் கதவைக் காட்டி 'பர்மாத் தேக்கு' என்று சொன்னால், தச்சு வேலை செய்தவர் பர்மாக்காரர் என்று ஆகிவிடாது இல்லையா? அப்படித்தான் இதுவும். 'போலர்', 'விட்டன்' என்று இருந்தாலும் எஃகின் பெயர்தான். 'ஆன்சன் - டீலி' என்று இருந்தால் அது 1875இல் பர்மிங்காமில் உருவான பூட்டு அமைப்பின், அதாவது விசையை இழுத்தால் சுடவைக்கும் பொறியின் பெயர். 'டி.ஆர்.பி.' என்பது காப்புரிமைக் குறி.

அப்புறம் நடுப்பட்டையில் உள்ள காசெல்காரர். அவர் கடைக்காரராக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்தில் ஜெர்மன் ஊர்களில் இருந்த பல துப்பாக்கிக் கடைகள், துரிங்கியாவின் ஸூல், செல்லா-மேலிஸ் ஊர்களிலிருந்து துப்பாக்கியை முழுதாகவோ அரைகுறையாகவோ வரவழைத்து, கடைசி வேலையை முடித்து, தங்கள் பெயரைப் பொறித்து விற்றன. சிலர் தாங்களே முழுதும் செய்ததும் உண்டு. மேல் எழுத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

ஸூலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியின் சிக்கலே அங்கேதான் இருக்கிறது. நூற்றாண்டுகளாக அந்த ஊர் மொத்தமும் துப்பாக்கி வேலை. ஒரு வீட்டில் குழல் துளைப்பார்கள், இன்னொரு வீட்டில் பூட்டு, வேறொருவர் தோளில் வைத்துப் பிடிக்கும் வால்நட் கட்டை செதுக்குவார், அடுத்த தெருவில் மானும் ஓக் இலையும் பொறிப்பார்கள். 1751இல் தொடங்கிய சாவர், 1840இன் ஹேனல், 1898இன் மெர்கல் போன்ற பெரிய பெயர்களும் அங்கேதான். சிம்சன் நிறுவனமும் அங்கேதான் இருந்தது. அதை அந்த யூதக் குடும்பத்திடமிருந்து 1930களில் நாஜிகள் பறித்துக்கொண்டதை, சிம்சன் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் போடாத நூற்றுக்கணக்கான கைகளும் இதே அளவு நேர்த்தியாக வேலை செய்தன. 'செய்தவர் யார்' என்ற கேள்விக்குப் பல ஸூல் துப்பாக்கிகளில் ஒற்றைப் பதில் கிடையாது. அதைக் குறையாக நினைக்காதீர்கள்.

சரி, உங்கள் படங்களுக்கு வருகிறேன். குழல்களைக் கழற்றித் திருப்பினால் தெரியும் தட்டையான அடிப்பகுதிதான் துப்பாக்கியின் ஜாதகம். அங்கே கிரீடத்துக்குக் கீழே நான்கு எழுத்துகள் தெரிகின்றன. 1891இல் சட்டமாகி 1893 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த, குழல் சுடும் அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று பார்த்து அடிக்கும் ஜெர்மன் சோதனை முத்திரைகள் இவை. 'யூ' என்றால் பரிசோதித்தாயிற்று, 'ஜி' என்றால் உள்ளே சுழல்வரி உள்ள ரைபிள் குழல், 'எஸ்' ரவைக்குழல், 'டபிள்யூ' வாய் சற்றுக் குறுகிய ரவைக்குழல். அரசுச் சோதனைச் சாலை அடித்தது, செய்தவர் அடித்ததல்ல. பக்கத்தில் '3.27' என்று இருக்கிறதே, அது 1927 மார்ச்சில் சோதித்ததற்கான அடையாளம். ஆக வயது தெரிந்துவிட்டது.

இது முதல் உலகப்போருக்கு முந்தைய துப்பாக்கியாக இருந்திருந்தால் '172,28' போன்ற விசித்திரமான எண் இருந்திருக்கும். அதைத் தொடர் எண் என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் பலர். ஒரு பவுண்டு ஈயத்தை 172.28 சம உருண்டைகளாகப் பிரித்தால் ஓர் உருண்டை எவ்வளவு பருமன் வருமோ, அதுதான் துளையின் அளவு: சுமார் 7.6 மில்லிமீட்டர். பன்னிரண்டாம் நம்பர் துப்பாக்கிக்கு 'பன்னிரண்டு' என்று பெயர் வந்ததும் இதே கணக்கில்தான்.

உங்களுடையதில் நேராகவே '7,8' என்றும் '57' என்றும் இருக்கிறது. துளை 7.8 மில்லிமீட்டர், தோட்டாக் கூட்டின் நீளம் 57 மில்லிமீட்டர். தயவுசெய்து இந்த இடத்தில் நிதானியுங்கள். இந்த இரண்டு எண்களுக்கும் பொருந்தக்கூடிய தோட்டாக்கள் ஒன்றுக்கு மேல் உண்டு. 8×57 ஐஆர் தோட்டாவின் குண்டு 8.09 மில்லிமீட்டர், 8×57 ஐஆர்எஸ் தோட்டாவின் குண்டு 8.22. பழைய ஒல்லிக் குழலில் பருத்த குண்டைச் செலுத்தினால் அழுத்தம் எகிறும், துப்பாக்கியும் முகமும் போகும். இவை தவிர 8×57ஆர் 360 என்று பலம் குறைந்த வேறொரு தோட்டாவும் அதே 57 நீளத்தில் உண்டு, அந்தக் கால மூன்று குழல் துப்பாக்கிகளில் அது சாதாரணம். பாட்டி வீட்டு அலமாரியில் இருக்கும் தோட்டாப் பெட்டியை நம்பிச் சுட்டுப் பார்க்காதீர்கள். துப்பாக்கி வேலை தெரிந்த கைவினைஞரிடம் கொடுத்து, தோட்டா அறைக்கு அச்சு எடுத்து, குழலின் வரிப்பள்ளம்வரை அளந்து, எந்தத் தோட்டா என்று எழுத்தில் வாங்குங்கள். ரவைக் குழல்களும் அப்படியே: பழைய பதினாறாம் நம்பர் அறைகள் பல 65 மில்லிமீட்டர் நீளம், இன்று கடையில் கிடைக்கும் தோட்டாக்கள் பல அதைவிட நீளமானவை.

செய்தவரைத் தேட இன்னும் சில இடங்கள் உண்டு. அடிப்பகுதியில் உள்ள இரண்டு சிறு எழுத்துகள் பெரும்பாலும் குழல் செய்தவரின் முதலெழுத்துகள். முன்கட்டையின் உட்புற இரும்பு, பூட்டின் உள்பக்கம், கட்டையின் அடித்தகடு ஆகியவற்றையும் அதே கைவினைஞர் திறந்து பார்க்கட்டும். நீங்களே திருகாணியைத் திருகி அதன் தலையைச் சிதைத்துவிடாதீர்கள். தடி ஏந்திய காட்டு மனிதன் உருவம் எங்காவது இருந்தால் சாவர். ஒன்றும் கிடைக்காவிட்டால் படங்களையும் தொடர் எண்ணையும் ஸூலில் உள்ள ஆயுத அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

விலை? க்ருப் பெயருக்காக ஒரு யூரோகூட அதிகம் கொடுக்காதீர்கள். பெயர் தெரியாத, போர்களுக்கு இடைப்பட்ட காலத்துச் சாதாரண மூன்று குழல் துப்பாக்கிகள் பல ஜெர்மனியில் 2,500க்கு நன்றாகக் கீழேயே கைமாறுகின்றன. குழலின் உட்புறம் பளபளப்பாக இருக்கிறதா, மூடும்போது ஆட்டம் இல்லாமல் கடிக்கிறதா, கட்டையில் விரிசல் உண்டா என்று பாருங்கள், விலை பேச வேண்டியது அவற்றை வைத்துத்தான். பாட்டியின் பெயரில் துப்பாக்கி பதிவாகியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வாங்கினால் இரண்டு வாரத்துக்குள் உங்கள் பெயரில் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முன்பணம் கொடுப்பதென்றால், கைவினைஞரின் சோதனையில் தேறாவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டியிடம் இதையெல்லாம் மரியாதையாகச் சொன்னால் கேட்பார். கணவர் பத்திரமாக வைத்திருந்த பொருள் யார் கைக்குப் போகிறது என்ற கவலை அவருக்கும் இருக்கும்.

கேள்வி: அமெரிக்காவில் வாங்கிய பழைய ஜெர்மன் ரைபிளில் 'மவுசர், ஓபர்ன்டார்ஃப்' என்று இருக்கிறது. முன்கட்டையை யாரோ குறுக்கே அறுத்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். போலியா?

பதில்: போலி என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள், நீளமான துப்பாக்கி தங்கள் துணிப்பையில் அடங்குவதற்காகக் கட்டையை அறுத்துக் கொண்டுபோனது வழக்கமாக நடந்தது. அந்த வெட்டு விலையைக் குறைக்கும், ஆனால் வந்த வழியைச் சொல்லும். ஓபர்ன்டார்ஃப் ஊரில் இருந்த துப்பாக்கி நிறுவனமான மவுசரின் பெயரைப் பொறுத்தவரை, அது இயங்குபகுதியை, அதாவது தோட்டாவை ஏற்றிச் சுடும் பொறியைச் செய்தவர் பெயர் மட்டுமாக இருக்கலாம். மவுசரிடம் அதை வாங்கி, குழலும் கட்டையும் தாங்கள் பொருத்தி விற்ற கைவினைஞர்கள் ஐரோப்பா முழுக்க இருந்தார்கள். கட்டையைக் கழற்றிக் குழலின் அடியில் பாருங்கள்.

கேள்வி: என் துப்பாக்கியில் முட்டை வடிவத்துக்குள் 'ஈஎல்ஜி' என்று இருக்கிறது. அந்தப் பெயரில் கம்பெனி எதுவும் கிடைக்கவில்லையே?

பதில்: கிடைக்காது. அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனைச் சாலையின் முத்திரை. முட்டைக்கு மேலே கிரீடம் இருந்தால் 1893க்குப் பிந்தியது, இல்லாவிட்டால் அதற்கு முந்தியது.