ஏரிக்கரைக்குப் போகும் மகளுக்கு ஓர் அட்டவணை

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் படிக்கும் உங்கள் மகள் சுற்றுச்சூழல் போராட்டங்களுக்குப் போவதை நிறுத்தச் சொல்லி நாலு வரி எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அதை நான் எழுத மாட்டேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையாகக் கொட்டியதையும், சாலையோரம் நின்ற வேன்களை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதையும் பார்த்த பெண் பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசாமல் வேறு யார் பேசுவது? ஆனால் போன பருவத்தில் இரண்டு தாள் அரியர் என்கிறீர்களே, அதையும் லேசாக விட முடியாது.

ஒரே பருவத்தில் அவள் போன இடங்களை வரிசையாக எழுதியிருக்கிறீர்கள்: பிளாஸ்டிக் ஒழிப்பு ஊர்வலம், மரக்கன்று நடுவிழா, தென்பெண்ணையில் பொங்கும் நுரைக்காக ஓசூரில் கூட்டம், சென்னையில் ஒரு மாநாடு. படிக்கும்போது எனக்கே மூச்சு வாங்கியது. மரக்கன்று விழாக்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஜூலையில் நட்டுப் புகைப்படம் எடுத்த கன்றுக்கு ஏப்ரலில் தண்ணீர் ஊற்றப் போவது யார் என்று கேட்டால் பாதிப் பேர் நழுவிவிடுவார்கள். கிரெட்டா துன்பர்க்கை உங்கள் மகள் அடிக்கடி சொல்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். 2018 ஆகஸ்டில் அந்தப் பெண் உட்கார்ந்தது ஒரே இடத்தில், ஸ்வீடன் நாடாளுமன்றத்தின் முன்னால். தேர்தல் முடிந்த பிறகு வெள்ளிக்கிழமைதோறும் என்று வைத்துக்கொண்டார். உலகம் கவனித்தது அந்த விடாப்பிடியைத்தான்.

ஆகவே உங்கள் மகளிடம் ஒரே ஓர் ஏரியை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் ஊர் ஏரியே போதும். முதல் வேலை, அது யாருடைய பொறுப்பு என்று அறிவது. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ள ஏரி என்றால் பொதுவாக நீர்வளத் துறை. அதற்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். இது தெரியாமல் கொடுக்கும் மனு மேசைக்கு மேசை அலையும். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் நில விவரம் உள்ள அ-பதிவேட்டையும், நிலத்தின் எல்லை காட்டும் புலப்படத்தையும் பார்த்து, வரத்துக் கால்வாய் எந்தெந்தப் புல எண்கள் வழியாக வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதட்டும். மழைக்கு முன்பும் பின்பும் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்துத் தேதி போட்டு வைக்கட்டும். கால்வாய் அடைபட்ட ஏரி மழையில் ஊருக்குள் வழியும், கோடையில் காய்ந்து கிடக்கும். பெருமழையும் வறட்சியும் மாறி மாறி வரும் காலத்தில் இந்த ஒரு வேலைக்குள் பருவநிலைப் பாடம் முழுவதும் இருக்கிறது.

அவள் படிப்பது வேதியியல் என்பதால் இன்னொன்றும் சொல்வேன். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பதால் பல்லில் கறை விழுந்த பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உச்ச வரம்பு. நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைச் சொல்லும், கடையில் விற்கும் டிடிஎஸ் மீட்டர் இதைக் காட்டாது. கல்லூரி ஆய்வகத்தில் முறையாகச் சோதிக்க வேண்டும். ஏரி வற்றும் மாதங்களிலும் நிரம்பிய மாதங்களிலும் சுற்றியுள்ள கிணறுகளின் நீரை அவள் சோதித்துப் பதிவு செய்தால், துறைப் பேராசிரியர் அதை இறுதியாண்டு புராஜெக்டாகவே ஏற்கக்கூடும். கேட்டுப் பார்க்கட்டும். படிப்பும் போராட்டமும் ஒரே நோட்டில் அடங்கிவிட்டால் உங்கள் வீட்டுச் சண்டையும் பாதி தீர்ந்துவிடும்.

நேரம்: வாரத்துக்கு ஒரு அரை நாள், ஞாயிறு காலை. அதற்கு மேல் கூடாது. தேர்வுக்கு முந்தைய ஆறு வாரம் அதுவும் இல்லை. அவள் இல்லாதபோது வேலை நிற்காதிருக்கக் குறைந்தது நான்கு பேர் வேண்டும். நால்வரும் ஒரே வகுப்பாக இருந்தால் எல்லாருக்கும் ஒரே நாளில் தேர்வு வந்து தொலையும். ஒருவர் ஊரிலேயே இருக்கும் விவசாயியாக இருப்பது நல்லது, நீங்களாகவே இருந்தால் இன்னும் நல்லது. ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. அதில் ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரண்டும் இவளுக்குத் தோதானவை. நவம்பர் 1 அன்று பருவத் தேர்வு நெருக்கும். பேசினால் மட்டும் போதாது, தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்து வர வேண்டும். அலுவலகம் பதில் தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு.

போலீஸ் வழக்கு பற்றிய உங்கள் பயம் நியாயமானது. அரசு வேலைக்கு முன் காவல்துறைச் சரிபார்ப்பு உண்டு. வழக்கு இருந்ததாலேயே வேலை போய்விடும் என்பதில்லை. மறைத்தால்தான் பெரும் சிக்கல். 2016-இல் உச்ச நீதிமன்றம் அவதார் சிங் வழக்கில் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறது. அனுமதி வாங்காத ஊர்வலத்துக்குப் போகாதிருப்பது எளிய காப்பு. குவாரி, மணல் விவகாரங்களில் படம் எடுக்கக் கைப்பேசியோடு தனியாகப் போவது கூடவே கூடாது. இதில் நான் உங்களை விடக் கறார். ஆக்கிரமிப்பைப் பற்றி இணையத்தில் எழுதும்போது ஆள் பெயர் வேண்டாம், புல எண் போதும், மனுவிலும் அப்படியே. நன்கொடையை அவள் சொந்த ஜிபேயில் வாங்குவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஐந்நூறு ரூபாய்க் கணக்கில் உடைந்த குழுக்கள் நிறைய.

“இதை வைத்து என்ன வேலை கிடைக்கும்?” என்று கேட்டிருந்தீர்கள். இந்திய வனப் பணித் தேர்வை எழுத வேதியியல் பட்டம் தகுதியானது; முதல்நிலைத் தேர்வு ஐஏஎஸ் தேர்வோடு சேர்ந்தே நடக்கிறது. கடினம்தான், இரண்டு மூன்று ஆண்டு கேட்கும். முதுகலை முடித்தால் நீர் ஆய்வகங்களும், ஓசூர் ஆலைகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பிரிவுகளும் உண்டு. சட்டத்தில் ஆர்வம் இருந்தால் தருமபுரியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருப்பதால் அறிவியல் தெரிந்த வழக்கறிஞர்களுக்கு வேலை இருக்கும். தமிழக அரசு முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டத்தில் இளைஞர்களை மாவட்டந்தோறும் அமர்த்தியது. அடுத்த அறிவிப்பு வருகிறதா என்று கவனித்து வாருங்கள். இவற்றில் எந்த நேர்காணலிலும் தேதியிட்ட அந்த நோட்டுக்கு மதிப்பு உண்டு, மாநாட்டுச் சான்றிதழ்களை யாரும் புரட்டுவதில்லை. ஆனால் அரியர் இருந்தால் நோட்டை எடுக்கும் வாய்ப்பே வராது. முதலில் அந்த இரண்டு தாள்.

ஏரிக் கால்வாய்க்கான மனு தயாரானதும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுக்க வேண்டும். அரசின் மாவட்டப் பருவநிலை மாற்ற இயக்கத்துக்கும் ஆட்சியர்தான் இயக்குநர் என்பதை மனுவில் ஒரு வரி குறிப்பிடச் சொல்லுங்கள். அன்று அவளுக்கு வகுப்பு இருக்கும். கிருஷ்ணகிரிக்கு நீங்களே போய்க் கொடுத்துவிட்டு, ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கி அந்த நோட்டில் ஒட்டி வையுங்கள்.