கீபோர்டில் கீகளை மாற்றியமைப்பதும் மேக்ரோ எழுதுவதும் உண்மையிலேயே பயன்படுமா? எங்கிருந்து தொடங்குவது?

பயன்படும். தினமும் மணிக்கணக்கில் டைப் செய்பவர் என்றால் அவசியம் செய்து பாருங்கள். ஆனால் எடுத்த எடுப்பில் மேக்ரோவுக்கு, அதாவது பல கீ அழுத்தல்களைப் பதிந்துவைத்து ஒரே கட்டளையில் திரும்ப ஓட்டுவதற்கு, போகாதீர்கள். முதலில் ஒரே ஒரு கீயை மாற்றுங்கள்: கேப்ஸ் லாக்.

இடது சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது அது. நாம் தொடுவதோ எப்போதாவது. காப்பி, பேஸ்ட், சேவ் என்று நாள் முழுக்கத் தேவைப்படும் கண்ட்ரோல் கீழே மூலையில் கிடக்கிறது. ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கீபோர்டில் 'ஏ' கீக்கு இடப்பக்கம் இருந்தது கண்ட்ரோல்தான். பிறகு வந்த 101 கீ கீபோர்டில்தான் அந்த இடத்தை கேப்ஸ் லாக் பிடித்துக்கொண்டது.

என் கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டினால் எஸ்கேப், அழுத்திப் பிடித்தால் கண்ட்ரோல். எஸ்கேப் கீயை அடிக்கடி கேட்கும் விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில் வேலை செய்பவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. தட்டலா, பிடித்தலா என்று பிரிக்க ஒரு நேர வரம்பு உண்டு; க்யூஎம்கே ஃபர்ம்வேரில் (கீபோர்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) அது வழக்கமாக 200 மில்லி விநாடி. கண்ட்ரோலைப் பிடிக்க நினைக்கும்போது எஸ்கேப் விழுந்தால் அதைக் குறையுங்கள்.

எதில் மாற்றுகிறோம் என்பதும் முக்கியம். விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவியான பவர்டாய்ஸ் எளிது, ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் மாற்றம் இருக்கும். லாகின் திரையில் பழைய கீதான். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) ஸ்கேன்கோடு மேப் என்ற கீ மாற்றப் பட்டியலை எழுதினால் லாகின் திரையிலும் வேலை செய்யும், ஆனால் ஒரு கீக்குப் பதில் இன்னொரு கீ என்பதோடு சரி, தட்டல்-பிடித்தல் எல்லாம் கிடையாது. மேக்கில் கராபைனர், லினக்ஸில் கீடி என்ற மென்பொருள்கள் இதைச் செய்யும். க்யூஎம்கே ஓடும் கீபோர்டு என்றால் மாற்றம் கீபோர்டுக்குள்ளேயே இருக்கும், எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் கூடவே வரும். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான்.

இனி மேக்ரோ. ஒரே வேலையை அன்றைக்கே மூன்றாவது தடவை கையால் செய்கிறீர்கள் என்றால் அதை மேக்ரோ ஆக்கலாம். விம்மில் ஒரு உதாரணம்: வரிக்கு ஒன்றாக நூறு பெயர்கள், ஒவ்வொன்றையும் மேற்கோள் குறிக்குள் போட்டு முடிவில் காற்புள்ளி வைக்க வேண்டும். க்யூ, ஏ அழுத்தினால் பதிவு தொடங்கும். முதலில் பூஜ்யத்தை அழுத்தி வரியின் தொடக்கத்துக்குப் போங்கள், சின்ன 'ஐ' அழுத்தி மேற்கோள் குறி, எஸ்கேப். பெரிய 'ஏ' அழுத்தி வரி முடிவில் மேற்கோள் குறியும் காற்புள்ளியும், மறுபடி எஸ்கேப். பிறகு 'ஜே' அழுத்தி அடுத்த வரிக்கு இறங்கி, க்யூவால் பதிவை நிறுத்துங்கள். இனி 99, அட் குறி, ஏ. மீதி வரிகள் எல்லாம் முடிந்துவிடும்.

இதில் உயிர்நாடி அந்தப் பூஜ்யம்தான். கர்சர் வரியில் எங்கே நின்றாலும் மேக்ரோ ஒரே இடத்திலிருந்து தொடங்க வேண்டும். அடுத்த சுற்றுக்குத் தயாரான இடத்தில் முடிய வேண்டும். எண்ணிக்கையைக் கூடுதலாகக் கொடுத்தாலும் பயமில்லை, கடைசி வரியில் 'ஜே' தோற்றதும் விம் தானாக நின்றுவிடும்.

விண்டோஸில் மேக்ரோ எழுத உதவும் ஆட்டோஹாட்கீயில் மவுஸ் கிளிக்கைத் திரையின் இத்தனையாவது புள்ளி என்று எழுதாதீர்கள். விண்டோ கொஞ்சம் நகர்ந்தாலே தப்பான பட்டனில் விழும். முடிந்தவரை ஷார்ட்கட் கீகளையே பயன்படுத்துங்கள். பாஸ்வேர்டை ஒருபோதும் மேக்ரோவில் வைக்காதீர்கள், அது ஃபைலில் அப்படியே திறந்து கிடக்கும். கடைசியாக, மேக்ரோவை நிறுத்த ஒரு கீயை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். கீடியில் பேக்ஸ்பேஸ், எஸ்கேப், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கீடியே நின்றுவிடும், கீபோர்டு பழையபடி ஆகிவிடும்.