பன்னிரண்டு மொழி, ஒரே முகவரி

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலும் ஒரே புலம்பல்தான்: காசு கொடுத்துப் பல மொழியில் வெப்சைட் போட்டோம், தேடினால் வரவில்லை.

கேள்வி: வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறேன். தமிழ், ஆங்கிலம், மலையாளம் மூன்றிலும் வெப்சைட் என்று 35,000 ரூபாய் வாங்கினார்கள். மொழிப் பொத்தானை அழுத்தினால் எழுத்து மாறுகிறது. ஆனால் தமிழில் தேடினால் எங்கள் பெயரே இல்லை. ஏன்? – வாசகி, காரைக்குடி

பதில்: அம்மா, உங்களுக்கு விற்றது ஒரே ஒரு மொழி வெப்சைட். மற்ற இரண்டும் வெறும் பொத்தான்.

அந்தப் பொத்தானை அழுத்தும்போது மேலே இருக்கும் முகவரியைக் கவனியுங்கள். எழுத்து மாறியும் முகவரி அப்படியே நின்றால், தமிழ்ப் பக்கம் என்று ஒன்று கிடையவே கிடையாது. உங்கள் போனுக்குள் அந்த நேரத்துக்கு மொழிபெயர்த்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். பக்கங்களைப் படித்துச் சேர்க்கும் கூகுளின் நிரலுக்குக் கூகுள்பாட் என்று பெயர். அது பொத்தானை அழுத்திப் பார்க்காது. முகவரி முகவரியாகப் போய், அங்கே இருப்பதைப் படித்துக்கொண்டு திரும்பும். ஆகவே மொழிக்கு ஒரு தனி முகவரி வேண்டும். அப்புறம், 'இதே பக்கம் தமிழில் அங்கே இருக்கிறது' என்று பக்கங்கள் ஒன்றையொன்று காட்ட வேண்டும். அந்தக் குறிப்புக்கு ஹெச்ரெஃப்லாங் என்று பெயர், கூகுள் 2011இல் கொண்டுவந்தது. மொய் மாதிரிதான் அது. தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தைக் காட்டி, ஆங்கிலப் பக்கம் திருப்பிக் காட்டாவிட்டால் கணக்கில் வராது.

இவ்வளவு எரிச்சலோடு ஏன் சொல்கிறேன் என்றால், நானும் இதை வாங்கியவன். 'பன்னிரண்டு மொழி' என்று 18,000 ரூபாய். தமிழுக்குப் பக்கத்தில் இந்தியக் கொடி, இந்திக்குப் பக்கத்திலும் அதே கொடி. யாழ்ப்பாணத்தில் திறந்து பார்ப்பவர் எந்தக் கொடியை அழுத்துவார் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் சொந்தக்காரர்களுக்கெல்லாம் லிங்க் அனுப்பிப் பெருமைப்பட்டேன். ஆறு மாதம் கழித்து, தேடல் பெட்டியில் 'சைட்' என்பதை ஆங்கிலத்தில் அடித்து, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் என் முகவரியைப் போட்டுப் பார்த்தேன். கூகுளுக்குத் தெரிந்தது என்று ஏழு பக்கம் வந்தது. ஏழும் ஆங்கிலம். மீதிப் பணம் கொடுக்கும் முன் எல்லோரும் இதைச் செய்து பாருங்கள். வெப்சைட் புதிது என்றால் சில வாரம் பொறுத்துப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தோடு வந்த படத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. மிக்சர் 'கலவை' ஆகியிருக்கிறது, ஆர்டர் 'உத்தரவு' ஆகியிருக்கிறது. கொத்தனாரைத் தவிர யார் கலவையைத் தேடப்போகிறார்கள்? தமிழ்ப் பக்கத்தை நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள்.

பணத்தை விடாதீர்கள். 'மூன்று மொழி வெப்சைட்' என்று வாட்ஸ்அப்பில் சொன்னதைப் பத்திரமாக வையுங்கள். பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்பவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். முதலில் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும்.

கேள்வி: மாதம் 8,000 கட்டினால் கூகுளில் முதலிடம், எழுத்துபூர்வ உத்தரவாதம் என்கிறார்கள். சேரலாமா? – வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது.

கேள்வி: எங்கள் சங்க மலரின் பழைய இதழ்களை இணையத்தில் ஏற்றித் தந்தார்கள். தமிழ் அழகாகத் தெரிகிறது. ஆனால் கட்டுரைத் தலைப்பை அப்படியே போட்டுத் தேடினாலும் வருவதில்லை. – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஐயா, ஒரு வரியை நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்தாகக் கொட்டினால் அது பாமினி மாதிரியான பழைய எழுத்துரு. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. கண்ணுக்குத் தமிழ், தேடுபொறிக்கு அந்தக் குப்பை. தேடுபொறிக்கும் புரியும் பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றியதும் ஒருவர் உட்கார்ந்து பிழை பார்க்க வேண்டும், கூலி அதற்கு மட்டும் கொடுங்கள். நகலெடுக்கவே வரவில்லை என்றால் பக்கத்தைப் படமாகப் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் திரும்பத் தட்டச்சு செய்வதுதான் நல்லது. உங்கள்மேல் தப்பில்லை, ஏற்றியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: இருநூறு கீவேர்டு டேக், மூன்று மொழியில், 60,000 ரூபாய். ரசீது தரவில்லை. போன வருஷமும் இதே ஆளிடம்தான் ஏமாந்தேன். என்ன செய்யலாம்? – வாசகர், சேலம்

பதில்: தேடல் சொற்களைப் பக்கத்துக்குள் மறைவாக எழுதிவைக்கும் அந்த டேக்கைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது. ஒரே ஆளிடம், இரண்டாம் முறை, ரசீது இல்லாமல். நான் என்ன சொல்லட்டும்? பணம் போன வங்கிப் பதிவாவது இருக்கிறதா என்று தேடி எடுத்துக்கொண்டு மறுபடி எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: மலேசியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் விருந்தினர் வருகிறார்கள். நாட்டைப் பார்த்துத் தானாக மொழி மாற்றும் வசதிக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். – தங்கும் விடுதி நடத்துபவர், பினாங்கு

பதில்: கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு முறையும் அதை ஆங்கிலப் பக்கத்துக்கே தள்ளிவிட்டால் தமிழ்ப் பக்கத்தை அது பார்ப்பது எப்போது? மேலே 'தமிழ்', 'மலாய்', 'ஆங்கிலம்' என்று மூன்று சாதாரண லிங்க் போதும்.

கேள்வி: சர்ச் கன்சோலில் சேர்த்துவிட 5,000 ரூபாயாம். நியாயமா? – வாசகி, மதுரை

பதில்: நம் வெப்சைட் தேடலில் எப்படி வருகிறது என்று கூகுளே காட்டும் கருவி அது, இலவசம். திறக்கும்போது உங்கள் ஜிமெயிலில் திறங்கள், அவருடையதில் வேண்டாம். டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயர், யார் பெயரில் இருக்கிறது என்றும் இன்றைக்கே பாருங்கள். என் பன்னிரண்டு மொழி டொமைன் இன்னும் அந்த ஆள் பெயரில்தான் இருக்கிறது. புதுப்பிக்கப் பணம் கட்டச் சொல்லி மெசேஜ் மட்டும் வருஷா வருஷம் எனக்கு வருகிறது.