பழைய இசைத்தட்டும் தரக்குறியும் – கடிதம்

வணக்கம்.

மேற்கத்திய செவ்வியல் இசையை அண்மைக்காலமாக எல்.பி. எனப்படும் நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டுகளில் கேட்டுவருகிறேன். ‘நியர் மின்ட்’ (ஏறக்குறைய புத்தம் புதியது) என்று தரம் குறிக்கப்பட்டிருந்த பழைய பியானோ சொனாட்டாத் தட்டு ஒன்றை வாங்கினேன். பார்வைக்குப் புதிது போலவே இருக்கிறது. ஆனால் மெதுவான பகுதிகளில் ஓயாத கரகரப்பு. பக்கம் முடியும் இடத்தில் ஒலி சிதைகிறது. இந்தத் தரக்குறிகளை நம்பலாமா? முதல் பதிப்புகளைத்தான் தேடி வாங்க வேண்டும் என்கிறார்களே, அது சரியா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விற்றவர் உங்களை ஏமாற்றினார் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலான தட்டுகளுக்கு விளக்கொளியில் பார்த்துத்தான் தரம் இடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் விற்பவரால் ஒவ்வொன்றையும் முழுக்க ஓட்டிக் கேட்க முடியாது. கண் தந்த மதிப்பெண்ணைக் காது ஏற்க மறுக்கிறது, அவ்வளவுதான்.

குறிகளுக்குள்ளும் குழப்பம் உண்டு. அமெரிக்காவின் கோல்ட்மைன் இதழ் பரப்பிய முறையில் மின்ட், நியர் மின்ட், வெரி குட் ப்ளஸ், வெரி குட் என்று தரம் இறங்குகிறது. பிரிட்டனின் ரெக்கார்ட் கலெக்டர் இதழின் முறையிலோ மின்டுக்கு அடுத்த படி எக்ஸலண்ட், அதற்கடுத்தது வெரி குட். ஆகவே விற்பவர் எந்த முறையைப் பின்பற்றுகிறார் என்று முதலில் கேளுங்கள். கோல்ட்மைன் முறையில் ‘வெரி குட்’ என்றால், மென்மையான பகுதிகளில் மேற்பரப்பின் இரைச்சல் கேட்கும் என்றே பொருள். முரசும் மின்கிதாரும் நிறைந்த இசையில் அந்த இரைச்சல் மறைந்துவிடும். அடாஜியோ எனப்படும் மெதுவான பகுதி ஒன்றில், பியானோவின் ஒற்றைச் சுரம் மெல்லத் தேய்ந்து அமைதியில் கரையும் இடத்தில், அது ஒளிந்துகொள்ள வழியே இல்லை. செவ்வியல் தட்டுக்கு வெரி குட் ப்ளஸுக்குக் கீழே போகாதீர்கள். அந்தத் தரமும் ஓட்டிக் கேட்டு இட்டதாக இருந்தால் மட்டுமே வாங்குங்கள்.

கண்ணுக்குத் தெரியும் கீறல்கள் எல்லாம் கெட்டவை அல்ல. உறையில் செருகி எடுக்கும்போது விழும் மயிரிழைக் கீறல்கள் தட்டை அலங்கோலமாகக் காட்டினாலும் பெரும்பாலும் ஒலிப்பதில்லை. நகத்தால் தடவினால் தட்டுப்படும் சிறு கீறல் ஒன்றோ, நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் தட்டில் 1.8 நொடிக்கு ஒரு முறை ‘டக்’ என்று ஒலித்து, மென்மையான பகுதி முழுவதையும் கெடுத்துவிடும்.

பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாத தேய்மானம். ஸ்டீரியோ தட்டுகள் 1958இல் கடைகளுக்கு வந்தபின் பல ஆண்டுகள், தட்டின் மேல் கனமாக அழுத்தும் ஊசிக்கையும் தேய்ந்த ஊசியும் கொண்ட கருவிகளில் அவற்றை ஓட்டியவர்கள் ஏராளம். தான் ஓடும் பள்ளமான தடத்தின் சுவர்களை ஊசி சிதைத்த பிறகும் தட்டு பளபளப்பாகவே இருக்கக்கூடும். இந்தச் சிதைவு முதலில் வெளிப்படுவது பக்கத்தின் இறுதியில்தான். வெளிவிளிம்பில் நொடிக்கு ஏறத்தாழ 50 செ.மீ. ஓடும் தடம், உள்ளே லேபிளை நெருங்கும்போது ஏறத்தாழ 20 செ.மீ. மட்டுமே ஓடுகிறது, அதே ஒரு நொடி இசை பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் நெருக்கப்படுகிறது. சிம்பொனிகளோ தங்கள் உச்ச முழக்கத்தைக் கடைசி நிமிடங்களுக்கென்றே வைத்திருக்கின்றன! ஆகவே தட்டை ஓட்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், தொடக்கத்தைக் கேட்டுத் திருப்தி அடையாமல், மிக மெல்லிய ஓரிடத்தையும் பக்கத்தின் கடைசி இரண்டு நிமிடங்களையும் கேளுங்கள். லேபிளின் நடுத்துளையைச் சுற்றி, தட்டைச் சுழல்மேடையில் பொருத்தும்போது விழுந்த கோடுகள் அடர்ந்திருந்தால் அது அதிகம் ஓடிய தட்டு. துளை மையத்திலிருந்து விலகியிருந்தால் பியானோவின் நீண்ட சுரங்கள் ஏறி இறங்கித் தள்ளாடும். இதை எந்தத் தரக்குறியும் சொல்வதில்லை.

முதல் பதிப்பைப் பற்றி: இசைத்தட்டு நிறுவனங்களான டெக்காவின் எஸ்.எக்ஸ்.எல். வரிசை, ஆர்.சி.ஏ.வின் லிவிங் ஸ்டீரியோ, மெர்க்குரியின் லிவிங் பிரசன்ஸ் ஆகியவற்றின் தொடக்கப் பதிப்புகளுக்குப் பெயர் உண்டு. அது வீண் பெயரும் அல்ல. டெக்கா தட்டில் லேபிளைச் சுற்றியுள்ள உள்வளையத்தில் பொறித்த எழுத்துகளைப் ‘பக்கிங்ஹாம்’ என்ற சொல்லின் ஆங்கில எழுத்து வரிசையில் எண்களாக மாற்றி, எத்தனையாவது அச்சிலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதில் ஒரு துப்பறியும் இன்பம் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கனத்த ஊசிக்கைகளுக்கு அதிகம் இரையானவையும் அந்தத் தொடக்கப் பதிப்புகளே. கேட்பதற்காக வாங்குபவர், அதே ஒலிப்பதிவை 1970களில் மறுபதிப்பாக வெளியிட்ட, அதிகம் ஓடாத தட்டைத் தேடுவதே மேல் என்பேன். சேகரிப்பவரின் கணக்கு வேறு. அதில் நான் தலையிடுவதில்லை.

உங்கள் தட்டுக்கு வருகிறேன். முதலில் இசைத்தட்டுக்கான திரவத்தால் நன்கு கழுவி உலர்த்துங்கள். கரகரப்பு குறைந்தால் அது தூசும் நிலைமின்னும் செய்த வேலை. அதே இடங்களில் அப்படியே நின்றால் தடத்திலேயே சேதம் இருக்கிறது. பக்க இறுதியின் சிதைவுக்குப் புதிய தட்டு ஒன்றின் கடைசிப் பகுதியையும் ஓட்டிப் பாருங்கள். அதுவும் சிதைந்தால் உங்கள் ஊசியின் பொருத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். புதியது தெளிவாக ஒலித்தால், எந்தப் பக்கத்தில், எந்த நிமிடத்தில் என்ன கேட்கிறது என்று குறித்து விற்றவருக்கு எழுதி, திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.