கொள்ளுத்தாத்தா பெயர் ‘ஷையார்’ இல்லை: வேர் தேடுவோர் கேள்விகளும் பதில்களும்

இந்தத் தடவை கேள்விகள் நிறைய. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கேட்டவர்களின் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன், பெயர் போடவில்லை.

மன்னார்குடி: வீட்டில் 1911-ஆம் வருடத்துக் கிரையப் பத்திரம் ஒன்று இருக்கிறது. அதில் ‘ஷையார்’ என்று ஒருவர் பல இடங்களில் வருகிறார். கொள்ளுத்தாத்தாவுக்கு அப்படி ஒரு பெயர் இருந்ததா?

இல்லை, அது ‘மேற்படியார்’. மேற்படி என்பதற்குப் பழைய எழுத்தில் ௸ என்று ஒரு குறி உண்டு. பார்க்க ‘ஷை’ மாதிரியே இருக்கும், அதனால் அப்படியே படிக்கப் பழகி, கடைசியில் பத்திரம் எழுதுகிறவர்களே ஷை, ஷையார் என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். ‘எங்கள் குலத்துக்கே ஷையார் குலம் என்று பெயர்’ என்று ஒருவர் என்னிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னதுண்டு. இதே வரிசையில் இன்னும் சில குறிகள்: ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி. எண்களில் ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ஆகவே ௲௯௱௰௧ என்று இருந்தால் 1911.

குறியை விடுங்கள், அந்தப் பத்திரத்தில் எல்லோரும் தாண்டிப்போகிற இடம் ஒன்று இருக்கிறது, செக்குபந்தி. ‘இன்னார் நிலத்துக்கு மேற்கு, இன்னார் நிலத்துக்கு வடக்கு’ என்று நாலு எல்லையையும் சொல்லும் பகுதி. பக்கத்து நிலத்துக்காரர் பெரும்பாலும் பங்காளிதான், ஏனென்றால் ஒரு காலத்தில் ஒரே நிலமாக இருந்து பாகம் பிரிந்ததாக இருக்கும். அந்த நாலு பெயரையும் அவர்கள் தகப்பனார் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள். கீழே சாட்சிக் கையெழுத்து போட்டவர்களையும் விடாதீர்கள், மச்சான், மாமன் என்று யாராவது ஒருவர் அதில் இருப்பார். அப்புறம் அந்தச் சர்வே எண்ணை வைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். இணையத்தில் கிடைப்பது பிற்கால வருடங்கள்தான், அதற்கு முந்தியதை மனு எழுதிக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். ஒரு நாளில் முடியாது. எனக்கு ஒரு அலுவலகத்தில் ஏழு தடவை போன பிறகுதான் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல் கிடைத்தது, ஆனால் அதில் மூன்று தலைமுறை ஆண்களின் பெயரும் வரிசையாக இருந்தது.

கோவில்பட்டி: பாட்டியின் அம்மா தாது வருஷத்தில் பிறந்ததாகச் சொல்வார்கள். அது எந்த வருடம்?

தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு தடவை திரும்பி வரும். தாது 1876, 1936, 1996 ஆகிய வருடங்களில் சித்திரையில் ஆரம்பித்தது. உங்கள் பாட்டிக்கே அம்மா என்றால் 1936 இல்லை, சரி. ஆனால் ஒரு எச்சரிக்கை. 1876 முதல் 1878 வரை நடந்த பெரும் பஞ்சத்துக்கே தாது வருஷப் பஞ்சம் என்றுதான் பெயர். அதனால் ‘தாது வருஷத்தில் பிறந்தவள்’ என்று பெரியவர்கள் சொன்னால், பஞ்சக் காலத்தில் பிறந்தவள் என்று மட்டுமே அர்த்தமாக இருக்கலாம். முன்னே பின்னே இரண்டு வருடம் விட்டுத் தேடுங்கள்.

உங்கள் பக்கத்துப் பழைய ஏட்டிலும் ஜாதகத்திலும் கொல்லம் ஆண்டு வரும். அது ஆவணியில் பிறக்கும், ஆங்கில வருடம் கிடைக்க டிசம்பர் வரைக்கும் 824, ஜனவரியிலிருந்து 825 கூட்ட வேண்டும். வரி ரசீதில் பசலி என்று இருந்தால் அது ஜூலையில் ஆரம்பிக்கிற வருடம், 590 அல்லது 591 கூட்டுங்கள். வயது என்று எங்கே எழுதியிருந்தாலும் அதை நம்பாதீர்கள். அந்தக் காலத்துப் பதிவுகளில் நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது வயதில்தான் எல்லோரும் இருப்பார்கள், நாற்பத்து மூன்று வயதில் ஆளே இருக்க மாட்டார்!

சென்னை: தாத்தா பாட்டி சேர்ந்து நிற்கும் படம், எப்போது எடுத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பின்னால் ஸ்டூடியோ முத்திரையில் ‘மதராஸ்-17’ என்று இருக்கிறது. படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டும் விட்டது.

ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. ‘மதராஸ்-17’ என்று தபால் எண்ணை ஊர்ப் பெயரோடு எழுதுவது அதற்கு முந்திய வழக்கம், ஆனால் பழைய ரப்பர் ஸ்டாம்பை ஸ்டூடியோக்காரர் தூக்கியா போட்டிருப்பார், அதனால் எழுபதுகளின் நடு வரைக்கும் இடம் விடுங்கள். படம் வந்த உறை இருந்தால் அதையும் பாருங்கள், விலை அணாவில் போட்டிருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன்பு அச்சடித்த உறை. உடையை வைத்துக் கணக்குப் போடுவது எனக்குப் பிடிக்காது. இளம்பெண்ணின் ரவிக்கைக் கை கொஞ்சம் உதவும், பெரியவர்கள் முப்பது வருடம் ஒரே மாதிரிதான் உடுத்தினார்கள். நல்ல கடிகாரம் குழந்தைதான். படத்தில் மடியில் ஒரு குழந்தை இருந்து, அது உங்கள் பெரியப்பா என்று அடையாளம் தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது: பிறந்த வருடம் தெரியும், படத்தில் ஒன்றரை வயது இருக்கும்.

கண்ணாடியிலிருந்து பிரிக்கவே பிரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே, ஜன்னல் வெளிச்சத்தில், எதிரே கறுப்புத் துணி பிடித்துக்கொண்டு போட்டோ எடுங்கள். ஒட்டாத படங்களை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, பின்பக்க ஓரத்தில் பென்சிலால் பெயர் எழுதி வையுங்கள், பேனா வேண்டாம். லேமினேஷன் கூடவே கூடாது. நல்லெண்ணத்தில் லேமினேட் செய்து பாழான படங்களை நான் பார்த்த அளவு, கரையான் அரித்த படங்களைப் பார்த்ததில்லை.

நாசரேத்: சர்ச் கல்லறைத் தோட்டத்தில் பூட்டனார் கல்லில் எழுத்து மங்கிவிட்டது. கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்தால் தெரியும் என்கிறார்கள்.

ஒரு தடவை தெரியும், அதற்கப்புறம் எப்போதும் தெரியாது. ஆசிட், மாவு, சாக்பீஸ் எதுவும் வேண்டாம். தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் போதும். சாயங்காலம் வெயில் சாய்ந்து கல்லின் பக்கவாட்டில் விழும்போது போய்ப் பாருங்கள், மரநிழல் என்றால் ஒரு ஆள் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து வெளிச்சத்தைப் பக்கத்திலிருந்து அடிக்கட்டும். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்ற வரியை முதலில் கண்டுபிடித்தால், தேதி அதன் பக்கத்திலேயே இருக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய கல் என்பதால் ணை, லை, னை, றா, னா எல்லாம் பழைய வடிவத்தில் இருக்கும், அதைத் தெரியாமல் பெயரையே தப்பாகப் படித்தவர்கள் உண்டு.

கல்லை விடவும் சர்ச் அடக்கப் பதிவேட்டை நம்புங்கள். கல் பல சமயம் பேரப்பிள்ளைகள் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு, ஞாபகத்திலிருந்து தேதி சொல்லி வெட்டியது. பதிவேடு அந்த வாரமே எழுதியது.

திருச்சி: நாடி ஜோதிடத்தில் முன்னோர் பெயர் வருமா?

நீங்கள் சொன்ன பெயர் வரும்.

டர்பன், தென்னாப்பிரிக்கா: எங்கள் குடும்பப் பெயர் கவெண்டர். ஊர் தெரியாது. தமிழும் அவ்வளவாகத் தெரியாது, உறவுக்காரர் ஒருவர்தான் இதை எழுதித் தருகிறார்.

கவெண்டர் என்பது கவுண்டர்தான். முதலியார் மூட்லி ஆனது போல, படையாட்சி படையாச்சி ஆனது போல, எழுதிய குமாஸ்தாவின் காதுக்கு எட்டியபடி. அந்தப் பெயரை வைத்துத் தேடினால் ஆயிரக்கணக்கில் ஆள் கிடைப்பார்கள், உங்களுக்கு வேண்டியது எண். 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ என்ற கப்பல் மதராஸிலிருந்து டர்பனுக்கு முதல் கூட்டத்தைக் கொண்டுவந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் உண்டு. பழைய கல்யாணச் சான்று, இறப்புச் சான்று, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு இவற்றில் அந்த எண் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். எண் கிடைத்ததும் கப்பல் பட்டியலுக்குப் போங்கள். தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரைக்கும் அதில் இருக்கும்.

இனிமேல்தான் சிக்கல். ஜில்லா என்று வட ஆற்காடு போட்டிருந்தால் தமிழ்நாட்டில் மட்டும் தேடாதீர்கள். சித்தூர் 1911-ல்தான் தனி மாவட்டம் ஆனது, அதுவரை அதில் பெரும்பகுதி வட ஆற்காடு. உங்கள் கிராமம் இன்றைக்கு ஆந்திராவில் இருக்கலாம். கிராமத்தின் பெயர் புதூர் என்று இருந்தால் தாலுகா பெயர் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது, தமிழ்நாட்டில் எத்தனை புதூர் என்று எண்ணி முடியாது. சாதிக் கலத்தையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம், அது சொன்னவர் சொல்ல விரும்பியதும் எழுதியவருக்குக் கேட்டதும் சேர்ந்தது. தகப்பன் பெயர், தாலுகா, கிராமம் மூன்றும் பொருந்தினால் மட்டும் விமான டிக்கெட் போடுங்கள். இரண்டு பொருந்தினால் போதாது, ஏனென்றால் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊர் இது, ஒரே தெருவில் நாலு முத்துசாமி இருப்பார்கள்.

திண்டுக்கல்: நாங்கள் எரிப்பவர்கள், கல்லறை கிடையாது. நிலமும் இருந்ததில்லை, பத்திரம் இல்லை. படமும் இல்லை. எங்கே ஆரம்பிப்பது?

பரணில். அண்டா, குடம், பித்தளைத் தவலையின் விளிம்பைத் தடவிப் பாருங்கள், சீர் வந்த பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் விட மாட்டார்கள். என் அம்மா வழியில் பாட்டியின் பாட்டி பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை, புளி போட்டு ஒரு அண்டாவைத் தேய்த்தபோது அவள் பெயரும் பிறந்த ஊரும் கழுத்துப் பக்கத்தில் வந்தது. பெண்களின் பெயரைப் பத்திரத்தில் தேடிக் களைத்தவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது மொய் நோட்டு. பழைய கல்யாண மொய் நோட்டில் ஊர்வாரியாகப் பெயர் இருக்கும், தாய்மாமன் எந்த ஊரிலிருந்து வந்து எவ்வளவு வைத்தார் என்று பார்த்தாலே பெண் எடுத்த ஊரும் கொடுத்த ஊரும் தெரிந்துவிடும். அப்புறம் குலதெய்வம். சிவராத்திரிக்குப் போகும்போது பூசாரியிடமோ கணக்குப் பார்ப்பவரிடமோ தலைக்கட்டு வரி நோட்டைக் கேட்டுப் பாருங்கள். வரி கொடுத்த பங்காளிகள் எல்லோரும் வரிசையாக இருப்பார்கள், செத்தவர் பெயரை அடித்து மகன் பெயரை எழுதியிருப்பார்கள். மணியையும் குத்துவிளக்கையும் கூடப் பாருங்கள், ‘உபயம்’ என்று கீழே ஒரு பெயர் இருக்கும். வீட்டில் திதி கொடுக்கிறவர் யாராவது இருந்தால் அவருக்கு மூன்று தலைமுறை மனப்பாடம், இன்றைக்கே போய் எழுதிக்கொள்ளுங்கள்.

காரைக்கால்: எங்கள் குடும்பத்துக்குப் பிரெஞ்சுப் பெயர். 1880-க்கு முன்னால் அந்தப் பெயரில் யாரையும் காணோம்.

இருக்க மாட்டார்கள். 1881 செப்டம்பர் 21-ல் வந்த ஆணைப்படி, தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வந்தவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். உங்கள் பெயர் அப்போது பிறந்ததாக இருக்கலாம். அந்தத் துறப்புப் பதிவைப் பிடியுங்கள், பழைய தமிழ்ப் பெயர் அதில் இருக்கும். பிரெஞ்சிந்தியப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்சில் உள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, நிறையப் பக்கங்களை இணையத்திலேயே இலவசமாகப் புரட்டலாம். தேடும்போது உங்கள் குடும்பப் பெயரை மறந்துவிட்டு, அந்தப் பழைய பெயரையும் தகப்பன் பெயரையும் வைத்துப் பின்னோக்கிப் போங்கள்.