கொமடோர் 64, அமிகா 500: லினக்ஸ் ஏறுமா?

கேள்வி: மாமா வைத்திருந்த பழைய கணினிகள் கொமடோர் 64, அமிகா 500 இரண்டும் இப்போது என்னிடம் வந்திருக்கின்றன. லினக்ஸோ வேறு ஏதாவது இயங்குதளமோ போட்டுப் பார்க்க ஆசை. ஆனால் உள்ளே இருப்பது அழிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அழியாது. இரண்டிலும் அடிப்படை மென்பொருள் ரோம் சிப்பில் இருக்கிறது. அதன் மேல் எதையும் எழுத முடியாது. பிளாப்பியிலிருந்து நீங்கள் ஏற்றுவது ரேமில்தான் உட்காரும். அணைத்துப் போட்டால் பழையபடியே வந்து நிற்கும். மாமாவின் பிளாப்பிகளை மட்டும் எழுத முடியாதபடி பூட்டி வையுங்கள்.

பயப்பட வேண்டியது கொமடோரின் பவர் சப்ளைக்கு. பிசின் ஊற்றி அடைத்த அந்தப் பழைய பெட்டி பழுதானால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் அதற்கு மேல் ஏறும். ரேம் சிப்புகள் போய்விடும். மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள், 5.25-ஐத் தாண்டினால் செருகவே வேண்டாம். சரியாகக் காட்டினாலும் நான் நம்புவதில்லை. சூடான பிறகு ஏறுகிற ரகமும் உண்டு. புதிதாகத் தயாரித்த மாற்று ஒன்றை வாங்கிவிடுங்கள். அப்புறம், அமிகாவின் அடியில் மெமரி கார்டு இருந்தால் கழற்றி, அதிலுள்ள பேட்டரி கசிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இனி லினக்ஸ். கொமடோரில் வாய்ப்பே இல்லை: 8 பிட் பிராசஸர், 64 கேபி ரேம். 'லூனிக்ஸ்' என்று ஒன்று கண்ணில் படும். அது யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் சாயலில் எழுதப்பட்ட தனிச் சரக்கு, லினக்ஸுக்கு உறவில்லை.

கொமடோருக்கு என் தேர்வு 1986-இல் வந்த ஜியோஸ் என்ற இயங்குதளம். ஐகான், மெனு, சுட்டி எல்லாம் உண்டு. 64 கேபியில் இது எப்படி முடிகிறது? இந்த மெஷினின் 6510 பிராசஸரால் மொத்தமே 64 கேபி முகவரிகளைத்தான் பார்க்க முடியும். 20 கேபி ரோமும் அதே முகவரிகளில், ரேமின் மேல் போர்வை மாதிரி கிடக்கிறது. முகவரி 1-இல் சரியான எண்ணை எழுதினால் போர்வை விலகி, கீழே இருக்கும் ரேம் கைக்கு வரும். ஜியோஸ் ரோமிலிருக்கும் பேசிக் நிரல்மொழியை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தையும் எடுத்துக்கொள்கிறது. அதே காலத்துக் கணினியான 48 கேபி இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்தில் இந்த வசதி இல்லை. முதல் 16 கேபியில் ரோம் நிரந்தரமாகக் குந்தியிருக்கிறது. சிபி/எம் என்ற பழைய இயங்குதளத்துக்கோ முகவரி 0-விலிருந்தே ரேம் வேண்டும். அதனால் வழக்கமான சிபி/எம் அதில் ஓடாது. இயங்குதளத்தைத் தேடும் முன் மெமரி வரைபடத்தைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை: கொமடோரின் 1541 பிளாப்பி டிரைவுக்குள் தனியாக ஒரு 6502 பிராசஸர் இருக்கிறது. வேகத்துக்காகச் சில மென்பொருள்கள் தங்கள் நிரலையே அதற்குள் அனுப்பி ஓட்டும். அந்த டிரைவுக்குப் பதிலாகச் செருகும் மலிவான எஸ்டி கார்டு கருவிகள் பலவற்றில் அந்த பிராசஸருக்கு இணையாக எதுவும் இல்லாததால் அங்கே தடுக்கி விழும். 1541-ஐ முழுதாகப் போலி செய்யும் கருவி என்றால் தொல்லை இல்லை.

அமிகா 500-இல் இருப்பது 68000 என்ற பிராசஸர். அமிகாவுக்கான லினக்ஸ் எம்எம்யு என்ற மெமரி மேலாண்மைப் பகுதியைக் கேட்கும். 68000-இல் அது கிடையாது. 68030 பிராசஸர் உள்ள ஆக்சிலரேட்டர் கார்டு போடலாம், ஆனால் சிப்பின் மேல் 'இசி' என்ற எழுத்துகள் இருந்தால் அதிலும் எம்எம்யு இருக்காது. இந்த இரண்டு எழுத்தைக் கவனிக்காமல் காசை விட்டவர்கள் நிறைய. கார்டே வேண்டாம், யுனிக்ஸ் வாசனை போதும் என்றால் மினிக்ஸ் 1.5 இருக்கிறது, அமிகாவுக்கான பதிப்புக்கு எம்எம்யு தேவையில்லை.

அமிகாவின் 880 கேபி பிளாப்பியைச் சாதாரண யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் எழுதாது. பிளாப்பி டிரைவைப் போலி செய்யும் கோடெக் என்ற கருவியைப் பொருத்தி, பென் டிரைவிலிருந்து பூட் செய்வது எளிது. அதற்கும் முன்னால், இன்றைய கணினியிலேயே கொமடோரையும் அமிகாவையும் போலி செய்யும் வைஸ், எஃப்எஸ்-யுஏஇ எமுலேட்டர்களில் இதையெல்லாம் ஓட்டிப் பாருங்கள். ஜியோஸ் பிடிக்கவில்லை என்றால் கொமடோருக்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை, பவர் சப்ளையைத் தவிர.