சதகுப்பைக் கீரையும் செரிமானமும்: கேள்வி பதில்

கேள்வி: சதகுப்பைக் கீரையைப் (ஆங்கிலத்தில் டில்) பருப்புடன் சேர்த்தே வேகவைக்கிறேன், மணமே நிற்பதில்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: சேர்க்கும் நேரத்தில்தான் தவறு. இக்கீரையின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களால் வருவதால், நெடுநேரம் கொதித்தால் நீராவியோடு போய்விடும். பச்சை நிறமும் மங்கி, பழுப்பேறிய இழைகளே பாத்திரத்தில் மிஞ்சும். பாசிப்பருப்பை மஞ்சளுடன் குழைய வேகவைத்து, நெய்யில் சீரகம் தாளித்துக் கொட்டி, அடுப்பை அணைத்த பிறகு பொடியாக நறுக்கிய தழையைத் தூவிக் கிளறி, இரண்டு நிமிடம் மூடி வையுங்கள். மூடியைத் திறந்ததும் சோம்பை நினைவூட்டும் வாசனை குப்பென்று எழுந்தால் பக்குவம் சரி. தடித்த தண்டுகளை எறிந்துவிட வேண்டாம்; அவற்றை மட்டும் முதலிலேயே பருப்போடு வேகவிடலாம்.

கேள்வி: சாப்பிட்டதும் வயிறு உப்பிக்கொள்கிறது, ஐயா. இக்கீரை உதவுமா?

பதில்: வாயுவால் வரும் உப்புசமானால் உதவக்கூடும். வடமொழியில் சதபுஷ்பா எனப்படும் இச்செடியைக் கார்ப்பும் கைப்பும் உஷ்ண வீரியமும் (சூடேற்றும் தன்மையும்) உடையதாகவும், செரிமான அக்கினியைத் தூண்டி வாத கபங்களைத் தணிப்பதாகவும் ஆயுர்வேதம் கூறுகிறது. ஆனால், மருந்தாகப் பெரிதும் பயன்படுவது விதைதான். தழையும் அதே வேகத்துடன் வேலை செய்யும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. (குழந்தைகளின் வயிற்று வலிக்காக 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான கிரைப் வாட்டரிலும் விதை எண்ணெய்தான் சேர்ந்தது.) ஒரு வேளைக்குச் சிறு கைப்பிடித் தழை போதும். உப்புசம் வாரக்கணக்கில் நீடித்தாலோ, உடல் எடை குறைந்தாலோ, கீரையை நம்பிக் காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: எனக்கு நெஞ்செரிச்சல் உண்டு. சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: பித்தம் மிகுந்து நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு உஷ்ணப் பொருளை அடிக்கடி உண்பது ஒத்துவராது. கொத்தமல்லித் தழையே உங்களுக்குப் பொருத்தம்.

கேள்வி: கருவுற்றிருக்கிறேன், விதைக் கஷாயம் குடிக்கச் சொல்கிறார்கள்.

பதில்: சமையலில் சிறிதளவு தழை சேர்ப்பது வேறு, விதையைக் கஷாயமாகக் காய்ச்சிக் குடிப்பது வேறு. மருத்துவரைக் கேட்காமல் கஷாயத்தையோ விதை எண்ணெயையோ தொடாதீர்கள், அம்மா.

கேள்வி: வாங்கிய மறுநாளே வாடிவிடுகிறதே?

பதில்: கழுவாமல், சற்றே ஈரமான துணியில் தளரச் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள், சமைக்கும்போது மட்டும் கழுவுங்கள். உலர்த்தினால் மணம் பெருமளவு போய்விடும் என்பதால், மிஞ்சியதை நறுக்கி உறையவைப்பதே மேல்.